மீட்டரில் 12 வோல்ட், விளக்கில் இருட்டு

ஏறக்குறைய நாற்பது வயதான என் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட், இன்ஜின் மெதுவாக ஓடும்போது பழுத்த இலையின் நிறத்துக்கு மங்குவதும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஓரளவு தெளிவதும், பிரேக்கை மிதித்தால் மீண்டும் ஒரு படி இறங்குவதுமாகப் பல மாதங்கள் ஓடின. இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட்டும் அதனோடு சேர்ந்து கண் சிமிட்டும். எல்லாவற்றுக்கும் பேட்டரிதான் காரணம் என்று முடிவுகட்டிப் புதிய பேட்டரி வாங்கினேன். சில வாரங்களில் அதுவும் சோர்ந்துபோனது. அடுத்து, இன்ஜினில் இருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை மாற்றினேன். அதனாலும் பயன் இல்லை. மூன்றாவதாகச் சந்தேகம், இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாகும் சுருள்களான ஸ்டேட்டரின் மீது திரும்பி, இன்ஜினின் பக்க மூடியைக் கழற்ற ஸ்பேனரைக் கையில் எடுத்தபோதுதான், ஒரே ஓர் அளவைக்கூட எடுக்காமல் இரண்டு பொருள்களை மாற்றிவிட்டேன் என்பது உறைத்தது.

கோளாறுகளில் பெரியது கடைசியில் அகப்பட்ட இடம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேசிஸுக்கு நானே அடித்த பெயின்ட்டின் அடியில். பேட்டரியின் எர்த் ஒயர், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ஒயர், சேசிஸைத் தொடும் போல்ட்டின் கீழ், பளபளப்பாக, இரண்டு பூச்சுப் பெயின்ட் இருந்தது. அந்த வேலையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியின் மின்கோளாறு என்றதும் நம் மனம் பேட்டரி, காயில், ரெகுலேட்டர் என்று பெயருள்ள பாகங்களை நோக்கியே ஓடுகிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளில் மூப்படைவது பாகங்களைவிட அவற்றை இணைக்கும் இடங்கள்தாம். செம்பு இழைகளில் காற்றும் ஈரமும் பட்டுக் களிம்பு ஏறுகிறது. பித்தளைக் கனெக்டரின் பிடி தளர்கிறது. ஒயரின் மேலுறையான பிவிசியில் இருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் சிறிது சிறிதாக வெளியேறி, உறை குச்சிபோல் விறைத்து வெடிக்கிறது. இவற்றில் எதுவும் மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். முற்றாக நின்றால் கண்டுபிடிப்பது எளிது. இங்கே மின்சாரம் வருகிறது. ஆனால் வழியெல்லாம் சுங்கம் கட்டிவிட்டு, மெலிந்து வருகிறது.

அந்தச் சுங்கத்தின் அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. களிம்பேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.2 ஓம் மட்டுமே என்றாலும் அந்த ஓரிடத்தில் 1 வோல்ட் காணாமல் போகிறது. இழை பல்பின் வெளிச்சமோ மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கை ஒட்டிக் குறைகிறது. ஆகவே மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் முப்பது விழுக்காடு அளவுக்குச் சரிந்துவிடும். 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். அதே வாட் பல்புக்கு அங்கே இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால் அதே இணைப்பில் இரண்டு மடங்கு வோல்ட் இழப்பாகிறது. அந்த இழப்பும் பாதி மின்னழுத்தத்தில் இருந்து கழிகிறது. விகிதத்தில் பார்த்தால் நான்கு மடங்கு. 6 வோல்ட் வண்டிகளின் விளக்கு மெழுகுவர்த்திபோல எரியும் என்ற கேலியில் பாதி, அந்த வண்டிகளின் துருப்பிடித்த இணைப்புகளையே சேரும்.

வேலையைத் தொடங்குமுன் அந்த மாடலுக்குரிய ஒயரிங் வரைபடத்தைத் தேடி எடுத்து, பெரிய தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு ஒயரையும் அதன் நிறத்திலேயே பென்சிலால் தீட்டினேன். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தீட்டி முடிப்பதற்குள் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது பாதி மனப்பாடம் ஆகிவிடுகிறது. நிறங்களின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஹோண்டாவில் பச்சை ஒயர் எர்த், யமஹாவில் கறுப்பு, சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே சேசிஸோடு இணைந்திருக்கும். சிவப்பு ஒயர்தான் அங்கே எர்த். இதை அறியாமல் சிவப்பைப் பாசிட்டிவ் என்று எண்ணிப் பேட்டரியை மாற்றிப் பூட்டினால் ரெக்டிஃபையர் அந்த நொடியிலேயே பலியாகும். மேலும், வரைபடம் காட்டுவது தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த வண்டியை. முன்னாள் உரிமையாளர்களின் கைவண்ணத்தை அல்ல. என் வண்டியில் நீல ஒயர் ஒன்று ஹெட்லைட் கிண்ணத்துக்குள் நுழைந்து, சீட்டின் அடியில் மஞ்சளாக வெளியே வந்தது. இடையில் எங்கோ டேப்புக்குள் அது மதம் மாறியிருந்தது.

டேங்கையும் சீட்டையும் இறக்கிவைத்துவிட்டு, எதையும் கழற்றும் முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நெகட்டிவ் எர்த் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை சேசிஸில் பட்டால், நெகட்டிவ் இன்னும் இணைந்திருக்கும் பட்சத்தில், பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால் அந்தத் தீப்பொறி வெறும் வேடிக்கையாக முடியாது.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்தபின் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் அது பெரும்பாலும் காலி. சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டிவிட்டு ஹெட்லைட்டைப் போட்டதும் மளமளவென்று விழும் பேட்டரியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்வதில் பொருளில்லை.

இனி நான் பல ஆண்டுகளாகச் செய்துவந்த தவறு. விளக்கு எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பேன், 12.4 என்று காட்டும். மின்சாரம் ஒழுங்காக வருகிறது, பல்பில்தான் கோளாறு என்று தீர்ப்பு எழுதிவிடுவேன். மல்டிமீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம் அளவில் இருக்கும். அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டியது. முப்பது இழைகள் இருக்க வேண்டிய ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தாலும், அந்த ஒற்றை இழை மீட்டருக்குத் தேவையானதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். அந்த இழையிடம் 5 ஆம்பியர் கேட்டால்தான் அதன் சாயம் வெளுக்கும். எனவே மீட்டரில் தெரிந்த 12 வோல்ட் பொய்யல்ல. பாரம் ஏற்றாமல் கேட்ட கேள்விக்கு வந்த பதில், அவ்வளவுதான். பழைய மெக்கானிக்குகள் ஒரு பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துச் சோதனை விளக்காக வைத்திருப்பதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. 21 வாட் இண்டிகேட்டர் பல்பால் செய்த அந்த விளக்கு ஏறக்குறைய 1.75 ஆம்பியரை இழுத்துப் பார்க்கிறது. அது பிரகாசமாக எரிந்தால் அந்த வழி அந்த அளவுக்காவது தாங்குகிறது என்று பொருள். எந்த மீட்டரும் சும்மா நின்று அதைச் சொல்லாது.

மீட்டரை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அதைப் பயன்படுத்த வேண்டும். எங்கே வோல்ட் இருக்கிறது என்று தேடுவதை விட்டு, எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். முறை மிக எளியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, எல்லா இணைப்புகளும் பூட்டியபடியே ஹெட்லைட்டை எரியவிட வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பின் மீதும், மறு முனையைப் பல்பின் எர்த் முனையின் மீதும் வைத்தால், திரும்பும் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பது நேரடியாக வோல்ட்டில் தெரியும். அதேபோல் பேட்டரியின் பாசிட்டிவ் கொம்பையும் பல்பின் மின்சாரம் வரும் முனையையும் தொட்டால், போகும் வழியின் இழப்பு தெரியும். நல்ல இணைப்பென்றால் எர்த் வழியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சுவிட்சுகளும் ஃபியூசும் இருக்கும் போகும் வழியில் 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

என் வண்டியில் கிடைத்த எண்களை அன்று தாளில் குறித்துவைத்தேன். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.3 வோல்ட். பல்பின் இரு முனைகளுக்கிடையே 10.1. ஆக 2.2 வோல்ட் வழியில் தொலைந்திருந்தது. வெளிச்சத்தில் அது ஏறக்குறைய பாதி. அந்த 2.2 வோல்ட்டில் 0.9 போகும் வழியிலும் 1.3 எர்த் வழியிலும் இருந்தன. பாதிக்கு மேல் திரும்பும் வழியில் தொலையும் என்று நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. பிறகு மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனேன். ஃபியூஸ் கட்டையின் இரு பக்கங்களுக்கிடையே 0.2, இக்னிஷன் சுவிட்சில் 0.4, ஹேண்டில்பார் சுவிட்சுக்கும் ஹெட்லைட் கிண்ணத்துக்கும் இடையே 0.3. எர்த் பக்கத்தில் பேட்டரி ஒயரின் நுனியில் போல்ட் நுழையும் வளையமான லக்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் மட்டும் 0.7, சேசிஸுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையே 0.6. அரை மணி நேர வேலை. இரண்டு பொருள்களை வாங்குவதற்குச் செலவழித்த வாரங்களை நினைத்துக்கொண்டேன்.

இந்த எண்கள் கிடைத்தபின் வண்டியின் விசித்திரமான நடத்தை அனைத்தும் ஒழுங்காக விளங்கியது. பெயின்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த அந்த லக்கில் மரைகள் வழியாகத்தான் ஏதோ கொஞ்சம் தொடர்பு இருந்தது. பேட்டரியில் இருந்து புறப்படும் மின்சாரம் முழுவதும் அந்த ஒரே இடத்தின் வழியாகத் திரும்ப வேண்டியிருந்ததால், பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னோட்டம் கூடும்போது அங்கே இழப்பும் கூடி, ஹெட்லைட்டின் பங்கு குறைந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால், ஸ்டேட்டரை உள்ளடக்கி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரே விளக்குக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதால் அந்தப் போல்ட்டைத் தாண்டாமலே வேலை நடந்தது, ஆகவே தெளிந்தது. பேட்டரிக்குள் போக வேண்டிய சார்ஜும் அதே வாசல் வழியாகவே போக வேண்டியிருந்ததால், ரெகுலேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரியின் கொம்பில் 13.4 மட்டுமே வந்துசேர்ந்தது. புதிய பேட்டரி சில வாரங்களில் சோர்ந்ததில் பேட்டரியின் குற்றம் ஏதும் இல்லை.

லக்கைக் கழற்றி, அதன் அடியில் இருந்த பெயின்ட்டை ஒரு நாணயத்தின் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். லக்கின் அடிப்புறத்தையும் அவ்வாறே தேய்த்தேன். பல் வைத்த வாஷர் ஒன்றை இடையில் போட்டு நன்றாக இறுக்கியபின், சுரண்டிய இடம் துருப்பிடிக்காமல் இருக்க மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். ஜெல்லியை இறுக்கிய பிறகு பூசுவது, இறுக்குவதற்கு முன் பூசுவதைவிட என் மனத்துக்கு நிம்மதி தருகிறது. இதற்குப்பின் அந்த 0.7 வோல்ட் 0.03 ஆகியது.

சேசிஸுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையிலான 0.6 வேறு வகைக் கதை. பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் கிண்ணத்துக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. அல்லது இருந்த ஒயரை யாரோ ஒரு காலத்தில் வெட்டியிருப்பார்கள். அப்போது மின்சாரம் ஃபோர்க்கில் இருந்து சேசிஸுக்குத் திரும்ப ஸ்டீயரிங் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போகிறது. கிரீஸில் மிதக்கும் எஃகுக் குண்டுகளை எர்த் பாதையாக நம்புவது எத்தகைய பொறியியல் என்று எனக்கு விளங்கவில்லை. கிரீஸைப் புதுப்பித்த மறுநாள் விளக்கு மங்கும் அதிசயத்துக்குக் காரணம் இதுதான். ஹெட்லைட் கிண்ணத்தில் இருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரைக்கும் 2 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒயர் ஒன்றைத் தனியாக ஓட்டினேன். அந்தக் குறுக்களவில் ஒரு மீட்டருக்கு 0.009 ஓம் அளவே மின்தடை இருப்பதால் 5 ஆம்பியரில் இழப்பு பெயரளவுக்குத்தான்.

பின்பக்க விளக்குகளின் எர்த்தும் இப்படித்தான், ரப்பர் வாஷர்களில் உட்கார்ந்த மட்கார்டை நம்பி இருக்கும். அங்கே எர்த் விட்டுப்போனால் வரும் அறிகுறி வேடிக்கையானது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரியாமல் ஸ்பீடோமீட்டரின் விளக்கு மங்கலாக எரியும். இரட்டை இழை பல்பின் இரண்டு இழைகளும் ஒரே எர்த்தைப் பகிர்வதால், அது இல்லாதபோது பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் டெயில் இழையின் வழியாகப் பின்னோக்கி நுழைந்து, டெயில் ஒயரைப் பிடித்து முன்னால் சென்று, ஸ்பீடோமீட்டர் பல்பின் வழியாக எர்த்தை அடைகிறது. இதைப் பார்த்து ஸ்பீடோமீட்டரைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றைப் போட்டால் வேறொன்று எரிகிறது என்றாலே முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

போகும் வழியில் இழந்த 0.9 வோல்ட்டுக்கு வருவோம். இதில் என்னை அதிகம் வாட்டியது ஸ்டீயரிங் கழுத்தைச் சுற்றி வளைந்து வரும் ஒயர்க் கட்டு. ஹேண்டில்பாரை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்த இடத்தில் ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. நாற்பது ஆண்டுகளில் அது எத்தனை முறை என்று எண்ணிப்பார்த்தால் செம்பின் பொறுமையை வியக்கத் தோன்றும். செம்பு உள்ளே அறுந்தாலும் மேலுறை முழுதாகவே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டேப்பைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு ஒயரையும் இரு கை விரல்களால் பிடித்து மென்மையாக இழுத்துப் பார்க்க வேண்டும். செம்பு உயிரோடு இருக்கும் இடத்தில் ஒயர் நீளாது. இழைகள் அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பர்போல இழுபட்டு ஒல்லியாகும். இப்படிப் பார்த்ததில் ஹாரன் ஒயரும் ஹெட்லைட்டின் ஹைபீம் ஒயரும் இழுபட்டன. சோதனை விளக்கை மாட்டிவைத்து ஹேண்டில்பாரை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குத் திருப்பியபோது, ஹைபீம் ஒயர் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணைந்து தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அறுந்த ஒயரை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஈரம் இழைகளுக்கு நடுவே புகுந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலுறைக்குள் நெடுந்தூரம் போயிருக்கும். கறுத்த செம்பில் சாலிடர் ஒட்டாது. கிரிம்ப் செய்தாலும், அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைத்தாலும், நம்ப முடியாது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஹைபீம் ஒயரில் அது ஒரு சாண் நீளத்துக்கு மேல் போனது. மீதியை விட்டுவைப்பதைவிட முழு ஒயரையும் மாற்றுவதே மேல் என்று தோன்றி மாற்றிவிட்டேன். புதிய ஒயர் பழையதன் குறுக்களவுக்குக் குறையாமலும், கூடுமானவரை அதே நிறத்திலும் இருக்க வேண்டும். நிறத்தில் சோம்பல் காட்டுகிறவர் பத்து ஆண்டுகள் கழித்து அதே வண்டியைத் திறக்கப்போகும் இன்னொருவருக்குத் தீங்கு செய்கிறார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அவரேதான்.

சாலிடரா கிரிம்பா என்ற பழைய வாக்குவாதத்தில் நான் இப்போது கிரிம்ப் பக்கம். சாலிடர் செய்யும்போது உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி, மேலுறைக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறிவிடுகிறது. அந்தப் பகுதி கம்பிபோல் விறைத்து, விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் எல்லையில் அதிர்வும் வளைவும் குவிந்து, அங்கேயே ஒயர் மறுபடி அறுகிறது. அசையாத இடத்தில் நன்றாகத் தாங்கிக்கொடுத்த சாலிடர் இணைப்பு பல்லாண்டு உழைக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீயரிங் கழுத்தில் அதற்கு இடமில்லை. கிரிம்ப் செய்வதென்றால் அதற்குரிய தாடையுள்ள கருவியால் செய்ய வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கியதெல்லாம் கிரிம்ப் ஆகாது. முடித்தபின் பலமாக ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். கழன்று வந்தால், சாலையில் கழலாமல் கையிலேயே கழன்றதே என்று மகிழ்ச்சிதான். ஒரே கட்டில் பல ஒயர்களை இணைக்க நேர்ந்தால் இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் முன்பின்னாக அமைய வேண்டும். இல்லையேல் கட்டு அந்த இடத்தில் மலைப்பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைத்து, ஒன்றின் உறை கிழிந்தால் மற்றதோடு ஷார்ட்டும் ஆகும். மேலே உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாய் போட்டேன். கட்டைச் சுற்றுவதற்குச் சாதாரண இன்சுலேஷன் டேப்பைத் தவிர்த்துப் பசையில்லாத டேப்பைப் பயன்படுத்தினேன். இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்து, அடுத்த முறை திறக்கும்போது கைகளையும் மனநிலையையும் ஒருசேரக் கெடுக்கும்.

ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பத்துப் பதினைந்து புல்லட் கனெக்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. பச்சைக் களிம்பு பிடித்தவற்றை முதலில் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துலக்கிப் பார்த்தேன். ஆண் முனைகள் பளபளப்பாயின. ஆனால் பெண் முனையின் உட்புறத்தைத் துலக்கவும் முடியவில்லை, தளர்ந்த பிடியை இறுக்கவும் முடியவில்லை. வெப்பத்தால் நிறம் மாறிய பித்தளைக்கு வில்தன்மை போய்விடும். துலக்கினால் அழகாகுமே தவிர பிடிக்காது. ஆகவே மின்னோட்டம் அதிகம் பாயும் இணைப்புகளை எல்லாம் வெட்டிப் புதியன போட்டேன். நியூட்ரல் விளக்கு போன்ற சிறிய பாரங்களுக்குத் துலக்கியவையே போதும்.

சுவிட்சுகளைப் பிரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹேண்டில்பார் சுவிட்சுக்குள் கடுகைவிடச் சற்றே பெரிய எஃகுக் குண்டும் அதன் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அவை நம்மைக் கலந்தாலோசிக்காமல் புறப்பட்டுவிடும். கண்ணாடிபோல் தெரியும் பெரிய பிளாஸ்டிக் பையொன்றுக்குள் சுவிட்சையும் இரு கைகளையும் விட்டுக்கொண்டு பிரித்தால், பறப்பது பைக்குள்ளேயே பறக்கும். இதை முதல் சுவிட்சைப் பிரித்து, ஒரு மாலை முழுவதும் தரையில் தவழ்ந்த பிறகு கற்றுக்கொண்டேன். இக்னிஷன் சுவிட்சின் 0.4 வோல்ட், உள்ளே இருந்த கருகிய கிரீஸைத் துடைத்து மெல்லிய உப்புத்தாளால் தொடுமுனைகளை இலேசாகத் தேய்த்ததில் 0.1 ஆகியது. அதற்கும் மேல் நல்ல விளக்கு வேண்டுமென்பவர்கள் பேட்டரிக்கு அருகில், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் ரிலே ஒன்றை வைத்து, பழைய சுவிட்சை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்தலாம். சுவிட்சின் வழியாக 5 ஆம்பியருக்குப் பதில் அதில் ஒரு சிறு பங்கே பாயும். நான் இன்னும் அதைச் செய்யவில்லை. பழைய ஏற்பாடே போதுமான வெளிச்சம் தருகிறது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டாவது ஃபியூஸும் போனது. இந்த இடத்தில் ஃபியூஸ் மீது ஈயத்தாளைச் சுற்றி ஓட்டும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை அப்போது ஒயர்க் கட்டே செய்யும். கட்டு முழுவதும் எரிந்து. ஃபியூஸ்களைப் பலிகொடுத்துக்கொண்டே போவதற்குப் பதிலாக, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சோதனை விளக்கை மாட்டினேன். ஷார்ட் இருக்கும்வரை மின்சாரம் முழுவதும் அந்தப் பல்பின் வழியாகவே போகும், பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்னோட்டமோ 1.75 ஆம்பியரைத் தாண்டாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. பிறகு ஒயர்க் கட்டை முன்னிருந்து பின்னோக்கி இடமிடமாக அசைத்துக்கொண்டே போனால், ஷார்ட் விலகும் இடத்தில் பல்பு அணையும் அல்லது மங்கும். சீட்டின் கீழ்த் தகடு டெயில் விளக்கின் ஒயர் மீது உட்கார்ந்து அதை நசுக்கியிருந்தது. சீட்டை அரை அங்குலம் தூக்கியதும் பல்பு அணைந்தது. அந்தப் பழுது நாற்பது ஆண்டுகள் பழையதல்ல. பத்து நிமிடங்களுக்கு முன் என் கையால் உண்டானது.

கடைசியாகச் சார்ஜிங். நடுத்தர வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியின் கொம்புகளிலேயே அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரியின் நீர் கொதித்து வற்றும். சில வண்டிகளில் ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை உணர்ந்தறிவதற்கென்றே ஓர் ஒயர், இக்னிஷன் சுவிட்சைக் கடந்து அதனிடம் போகிறது. அந்த வழியில் இழப்பு இருந்தால் ரெகுலேட்டர் பேட்டரி பசித்திருக்கிறது என்று ஏமாந்து, தேவைக்கு மேல் ஊட்டும். ஆகவே அதிகமாகச் சார்ஜ் ஆனாலும் முதல் சந்தேகம் இணைப்புகளின் மேலேயே இருக்கட்டும். மூன்று ஒயருள்ள ஸ்டேட்டரைச் சோதிப்பதென்றால் அதன் ஒயர்கள் வந்து சேரும் இணைப்பான கப்ளரைக் கழற்றி, எந்த இரண்டுக்கிடையே அளந்தாலும் மின்தடை ஒரே அளவில், பொதுவாக ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்கிறதா என்றும், எந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பே இல்லையா என்றும் பார்க்க வேண்டும். என்னுடையதில் இரண்டும் சரியாக இருந்தன. அன்று பக்க மூடியைக் கழற்றியிருந்தால் ஒரு கேஸ்கட்டும் வீணாகியிருக்கும்.

சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் கசிகிறதா என்பதையும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் அம்மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை. 50 மில்லி ஆம்பியர் கசிந்திருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி வீதம், 5 ஆம்பியர் மணிப் பேட்டரி நான்கு நாளில் காலியாகியிருக்கும்.

இப்போது விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.3, பல்பில் 11.8. பேட்டரியின் கொம்பில் சார்ஜ் 14.1. பழைய ரெகுலேட்டரைத் திரும்பப் பொருத்தி அளந்தபோதும் அதே 14.1 வந்ததால் அதையே விட்டுவிட்டேன். புதியது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. ஹாரன் மட்டும் இன்னும் தொண்டை கட்டியதுபோல்தான் ஒலிக்கிறது. ஒயரை மாற்றிய பிறகும் அதன் எர்த் வழியில் 0.6 வோல்ட் தொலைகிறது. பித்தான் வழியாக எர்த் எடுக்கும் வகை என்பதால் ஹேண்டில்பாருக்கும் ஃபோர்க்கின் மேல்தகடுக்கும் நடுவே ரப்பர் இருக்கிறதா என்று அடுத்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.